கேபிள் வெட்டுகிறவனுக்கு விலை கிடைக்காமல் செய்வது எப்படி

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். விவசாய போர் மோட்டார், இறால் குளத்துத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் மோட்டார், விசைப்படகு ஆல்டர்னேட்டர், பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டி மோட்டார் என்று தேவிபட்டினத்திலிருந்து மண்டபம் வரை எரிந்துபோவதில் ஒரு பங்கு என் மேசைக்கு வரும். செம்புக் கம்பியைக் கிலோ கணக்கில் வாங்குகிறவன் நான். எரிந்த காயிலைக் கழற்றிப் பழைய இரும்புக்கடையில் கிலோ கணக்கில் போடுகிறவனும் நான்தான். அதனால் இந்தச் சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது, எந்த இடத்தில் கேள்வி வருகிறது, எந்த இடத்தில் வருவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் காயில் எரிந்து வருகிறவர்களோடு, "கேபிளை வெட்டிக்கிட்டுப் போயிட்டாங்கண்ணே" என்று வருகிறவர்களும் சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் கேட்பது நல்ல பூட்டு எது என்றுதான். பூட்டு வேண்டும். ஆனால் திருடியதை விடிவதற்குள் காசாக்க வழி இருக்கும்வரை எந்தப் பூட்டும் சில ராத்திரிகளுக்கு மேல் தாங்காது. விற்கிற வழியை அடைப்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

எதற்காக இதைத் திருடுகிறார்கள்

செல்போனுக்கு ஐ.எம்.இ.ஐ. எண் இருக்கிறது. வண்டிக்கு எஞ்சின் நம்பர் இருக்கிறது. நகையைக் கொண்டுபோனால் அடகுக்கடையில் யாருடையது என்று கேட்பார்கள். செம்புக் கம்பிக்கு இது எதுவும் கிடையாது. மேல் உறையை எரித்துவிட்டால் என் கம்பியும் உங்கள் கம்பியும் ஒன்றுதான். எத்தனை தடவை உருக்கினாலும் செம்பின் குணம் குறையாது. பழையதை உருக்கிச் சுத்தம் செய்தால் புதுச் செம்பாகவே நிற்கும். அதனால் எவ்வளவு வந்தாலும் வாங்க ஆள் உண்டு.

விலையோ லண்டன் உலோகச் சந்தையில் டாலரில் முடிவாகிறது. 2024 மே மாதம் ஒரு டன் செம்பு 10,000 டாலரைத் தாண்டிப்போனது. 2018இல் பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியில் செம்பு உருக்காலை மூடப்பட்ட பிறகு, சுத்திகரித்த செம்பை வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நம் நாடு அதை வெளியிலிருந்து வாங்கும் நாடாக மாறிவிட்டது. ஆலை மூடியது சரியா தவறா என்பது வேறு பேச்சு. லண்டனில் விலை ஏறினால் சில நாளில் எங்கள் ஊர்த் தராசிலும் ஏறிவிடும் என்பதைத்தான் சொல்கிறேன்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மூன்று கோர் (உள்ளே மூன்று கம்பி), ஒவ்வொன்றும் 4 ஸ்கொயர் எம்.எம். (குறுக்குவெட்டு சதுர மில்லிமீட்டர் கணக்கு) உள்ள கேபிள் 100 மீட்டரில் ஏறக்குறைய 10.7 கிலோ செம்பு இருக்கிறது. 2.5 ஸ்கொயர் எம்.எம். என்றால் 6.7 கிலோ. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பழைய செம்பு பழைய இரும்பைவிட இருபது மடங்குக்கு மேல் போகும். இரும்பைத் திருடினால் தூக்கிச் சுமக்க ஆள் வேண்டும், வண்டி வேண்டும். பத்து கிலோ செம்பை ஒரு சாக்கில் போட்டு பைக்கில் கட்டிவிடலாம். ஆக்சா பிளேடு ஒன்றும் அரை மணி நேரமும் இருந்தால் பல நாள் கூலி கையில் நிற்கிறது.

கடற்கரையில் இன்னொன்றும் உண்டு. உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். செம்பு, பித்தளை, வெண்கலம், ஈயம் எல்லாம் மேலே பச்சை பிடித்தாலும் வெள்ளை பூத்தாலும் உள்ளே அப்படியே இருக்கும். பழைய இரும்புக்கடையில் முதல் வேலையாகக் காந்தத்தை வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டாத சரக்குக்குத்தான் விலை. படகு புரொப்பல்லர், வலையில் கோக்கும் ஈயக்குண்டு, பேட்டரி, தண்ணீர்க் குழாயின் பித்தளை வால்வு, ஏசியின் வெளிப்பெட்டிக்குப் போகும் செம்புக்குழாய் எல்லாமே அந்த வகைதான்.

திருடியவனுக்குக் கிடைப்பது கொஞ்சம். இழந்தவனுக்கு அது பல மடங்கு. தேவிபட்டினம் பக்கம் தெரிந்த ஒருவர் இறால் பண்ணையில் சுவிட்ச் பேனலிலிருந்து குளத்துக்குப் போகும் கேபிளை ஒரு ராத்திரி உருவிவிட்டார்கள். ராத்திரியில் குளத்துப் பாசி ஆக்சிஜன் தராது, அதுவும் சேர்ந்து ஆக்சிஜனை எடுக்கும். விடிவதற்கு முன்னால்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகவும் குறைவு. ஏரேட்டர் கட்டாயம் ஓட வேண்டிய நேரமும், கேபிள் வெட்டுகிறவனுக்குத் தோதான நேரமும் ஒன்றேதான். காலையில் நான் போய்ப் பார்த்தபோது இறால் எல்லாம் கரையோரம் ஒதுங்கி, மீசை மட்டும் நீருக்கு மேலே தெரிய நின்றது. மதியத்துக்குள் அடியில் வெள்ளையாகக் கிடந்தது. போனது சில கிலோ செம்பு. செத்தது பிடிக்கிற பருவத்தில் இருந்த ஒரு குளம் முழுக்க.

ஆளைப் பற்றி ஒரு வார்த்தை. கடலோரம் பாட்டிலும் தகரமும் பொறுக்குகிறவர்களைப் பிடித்து அடிப்பது பல ஊர்களில் நடக்கிறது. அது தப்பு. நான் பார்த்தவரை வெட்டுகிறவன் இடம் தெரிந்தவன். வாட்ச்மேன் எப்போது சாப்பிடப் போவார், மெயின் எங்கே இருக்கிறது, நாய் எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். குடிக்கோ கஞ்சாவுக்கோ கடனுக்கோ அன்றைக்கே பணம் வேண்டும் என்கிற நெருக்கடியில் இருப்பவன். இந்த 'அன்றைக்கே' என்பதைத்தான் நாம் உடைக்க வேண்டும்.

உலோகத்துக்குப் பெயர் போடுங்கள்

செலவு குறைந்த முதல் வேலை இது. ஹார்டுவேர் கடையில் எழுத்துக் குத்து, எண் குத்து என்று இரும்பு பஞ்ச் செட் கிடைக்கும். 6 எம்.எம். அளவு வாங்குங்கள். ஊருக்கு ஒரு செட் போதும், சங்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

புரொப்பல்லர் என்றால் கம்பி பிரஷால் பாசியையும் சிப்பியையும் சுரண்டி, மஞ்சள் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். இறக்கையில் குத்தக் கூடாது. ஓரம் நெளிந்தால் சுற்றும்போது அதிரும், வெடிப்பும் விடும். நடுவில் தடித்திருக்கும் குடத்தில்தான் குத்த வேண்டும், அதிலும் ஷாஃப்டோடு பிணைக்கும் சாவி வெட்டு இருக்கும் பக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள். பஞ்சை நேராக நிறுத்தி ஒரு கிலோ சுத்தியலால் ஒரே அடி. இரண்டாவது அடி அடித்தால் எழுத்து இரட்டையாக விழுந்து, அரத்தால் ராவியதுபோல் குழம்பிவிடும். படகின் பதிவு எண்ணில் கடைசி இலக்கங்களையும், ஊருக்கு இரண்டு எழுத்தையும் போட்டால் போதும். பார்க்கிறவன் கண்ணில் படும்படி வெளிப்பக்கம் ஒரு இடம், நட்டு மூடுகிற முகப்பில் மறைவாக இன்னொரு இடம். வெளியே இருப்பதை ராவிவிட்டாலும் உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியாது. ஷாஃப்ட் நுழையும் துளைக்குள் மட்டும் கை வைக்காதீர்கள், பிடிமானம் கெட்டுவிடும்.

மோட்டாரில் பெயர்த்தகட்டை நம்பாதீர்கள், அதைப் பிடுங்க ஒரு திருப்புளி போதும். அடிக்காலில் குத்துங்கள். என்னிடம் வரும் மோட்டார்களுக்கு நானே குத்தி, நோட்டில் எழுதிவைக்கிறேன். உங்கள் ஊர் மெக்கானிக்கையும் இதைச் செய்யச் சொல்லுங்கள். திருட்டு மோட்டார் ரிப்பேருக்கு வந்தால் அங்கேயே மாட்டும்.

கேபிளில் குத்த முடியாது. மீட்டருக்கு ஒரு இடத்தில் உறைமேல் பெயின்ட் அடிக்கலாம். எரித்தால் போய்விடுமே என்பீர்கள். சரி, போகட்டும். பெயின்ட் அடித்த கேபிளை அப்படியே விற்க முடியாது என்றால் அவன் எரித்தே ஆக வேண்டும். எரித்த கம்பி தானே காட்டிக்கொடுக்கும். அதைக் கீழே சொல்கிறேன். பி.வி.சி. எரிகிற கரும்புகையும் மூக்கை அறுக்கிற அமில நெடியும் கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ராத்திரியில் வந்தால் அங்கே என்ன நடக்கிறது என்று யோசிக்கவே வேண்டாம். அந்தப் புகை நெஞ்சுக்கு விஷம், பக்கத்தில் போகாதீர்கள். இடத்தைச் சொல்லிப் போலீசுக்கு 100 அல்லது 112இல் போன் போடுங்கள்.

குத்தியதும் போட்டோ எடுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய ஒன்று, முழுப் பொருளும் தெரிய ஒன்று. வாங்கிய பில்லையும் போட்டோ எடுத்து வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

செம்பு தேவைப்படாத இடத்தில் செம்பு வேண்டாம்

காயில் கட்டுகிறவனே இதைச் சொல்கிறானே என்று நினைக்க வேண்டாம். மோட்டாருக்குள்ளேயும் போர்க்குழாய்க்குள்ளேயும் செம்புதான் வேண்டும். ஆனால் மீட்டர் பெட்டியிலிருந்து போர் தலைப்புவரை, பேனலிலிருந்து குளத்து ஓரம்வரை ஓடுகிற நீளத்துக்கு அலுமினிய ஆர்மர்டு (இரும்புக் கவசம் சுற்றிய) கேபிளே போதும். அதே மின்சாரத்துக்குக் கொஞ்சம் தடித்த கேபிள் வேண்டும், எடை செம்பில் பாதிதான் வரும், கிலோ விலையும் மிகக் குறைவு. திருடுகிறவன் கணக்கில் அது பிரயோஜனம் இல்லாத சரக்கு. போட்டுவிட்டுப் பேனல்மேல் பெரிய எழுத்தில் 'அலுமினியக் கேபிள்' என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் அவன் வெட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான், நஷ்டம் உங்களுக்கு.

அலுமினியமும் செம்பும் சேரும் இடத்தில் கவனம் வேண்டும். வெறுமனே முறுக்கிவிட்டால் உப்புக்காற்றில் அந்த மூட்டு அரித்துச் சூடாகி எரியும். ஒரு பக்கம் செம்பு, ஒரு பக்கம் அலுமினியம் உள்ள பைமெட்டல் லக் (கம்பி முனையில் மாட்டும் இணைப்பு) போட்டு, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஏற்றிச் சூடுகாட்டி மூட வேண்டும்.

கேபிளை முக்கால் மீட்டர் ஆழத்தில் புதைத்து, மேலே மணல், அதன் மேல் செங்கல் வரிசை. தரைக்கு மேலே வரும் துண்டு ஜி.ஐ. குழாய்க்குள் போகட்டும், அடியில் கொஞ்சம் கான்கிரீட். வண்டியில் கட்டி இழுத்தால் வருகிற மாதிரி எந்த இடத்திலும் தொங்கவிடாதீர்கள்.

மின்சாரம் போனால் உங்கள் போனுக்கு அழைப்பு வருகிற ஜி.எஸ்.எம். ஸ்டார்டர் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. இறால் பண்ணைக்கு அது திருட்டுக்காக இல்லாவிட்டாலும் வேண்டும். கேபிளோடு சேர்த்து ஒரு மெல்லிய 12 வோல்ட் கம்பி ஓட்டி, அது அறுந்தால் பேட்டரியில் சைரன் அடிக்கும்படியும் செய்யலாம். ஊர் எலக்ட்ரீசியனால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். வேலியில் கரண்ட் வைக்காதீர்கள். காட்டுப்பன்றிக்கு வைத்த வேலியில் மனிதர்கள் செத்த செய்தியை எத்தனை தடவை படித்திருக்கிறோம். ஆடு மேய்க்கிற பிள்ளை, ராத்திரி ஒதுங்கப்போன பெண், உங்கள் வீட்டு ஆளே கூடச் சாகலாம். செம்பு போனால் வாங்கிக்கொள்ளலாம். இதில் நீங்கள் கொலைக்கேசில் போவீர்கள்.

தடைக்காலத்தில் படகு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் மேட்டில் ஏறி நிற்கும், பகலில் தச்சு வேலையும் பெயின்ட் வேலையும் நடக்கும், ராத்திரியில் கரை வெறிச்சோடிவிடும். கடலுக்குள் இருக்கிற புரொப்பல்லர் அப்போதுதான் இடுப்பு உயரத்தில் நிற்கிறது. மேட்டில் ஏற்றிய அன்றே அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பேட்டரியையும் அப்படியே. பேட்டரி எடையில் பாதிக்கு மேல் ஈயம்தான். வலையிலிருந்து கழற்றிய ஈயக்குண்டைப் படகில் சாக்குக் கட்டி வைக்க வேண்டாம்.

காவலுக்கு முறை போடுவது பழைய வழக்கம்தான், அதைத் தடைக்காலத்தில் கட்டாயமாக்குங்கள். மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை வந்து படகுகளைக் கட்டிப்போடும் நாட்களிலும் அப்படியே. பூட்டு வாங்கினால் பித்தளை உடல் பூட்டு, மாதம் ஒருமுறை கிரீஸ். மலிவு இரும்புப் பூட்டு பாம்பன் காற்றில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. துருப்பிடித்த பூட்டை அவன் கம்பியால் நெம்பிவிடுவான், உங்களுக்குத்தான் சாவி போட்டும் திறக்காது.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெளிநாட்டில் இருப்பவர்கள் பூட்டிவிட்டுப்போகும் வீடுகளில் ஏசிக் குழாயும் பித்தளைக் குழாயும் போகின்றன. ஏசி வெளிப்பெட்டிக்கு இரும்புக் கூண்டு போடுங்கள், ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

மின்வாரியக் கம்பி அறுந்து தொங்கினால் திருட்டா காற்றா என்று ஆராயப் பக்கத்தில் போகாதீர்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987க்குச் சொல்லுங்கள். மின்கம்பி திருட்டு 2003 மின்சாரச் சட்டம் 136ஆம் பிரிவில் வருகிறது, மூன்று ஆண்டுவரை சிறை.

பழைய இரும்புக்கடையோடு பேசுங்கள்

இதைத்தான் யாரும் செய்வதில்லை. கடைக்காரரைத் திருடனோடு சேர்த்துத் திட்டிவிட்டு வந்துவிடுகிறோம். நான் சரக்குப் போடும் கடை பாயிடம் உட்கார்ந்து பேசியபோது அவர் சொன்னார்: "அண்ணே, எனக்கு மட்டும் ஆசையா? கிலோவுக்கு நாலு காசு பாக்குறேன். போலீசு வந்து சரக்கை எடுத்துட்டுப் போனா முதலும் போச்சு, மானமும் போச்சு. நான் வேண்டாம்னு சொன்னா அடுத்த கடைக்குப் போறான், அங்க வாங்குறாங்களே." அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஒரு கடை மட்டும் ஒழுங்காக இருந்தால் அந்தக் கடைக்குத்தான் நஷ்டம். அதனால் சுற்றுவட்டாரத்துக் கடைகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் கூப்பிட்டுப் பேச வேண்டும். மீனவர் சங்கம், பண்ணைக்காரர்கள், ஜமாத், ஊர்ப் பெரியவர்கள், காவல் நிலையத்திலிருந்து ஒருவர் என்று சேர்ந்து கூப்பிட்டால் வருவார்கள்.

அங்கே கேட்க வேண்டியது கொஞ்சம்தான். பொழுது சாய்ந்தபின் செம்பு, பித்தளை, ஈயம் எதுவும் வாங்கக் கூடாது. சிறுவர்களிடம் வாங்கக் கூடாது. விற்கிறவன் ஆதார் படமும் போன் நம்பரும் நோட்டில் ஏற வேண்டும். காந்தம் ஒட்டாத சரக்குக்குக் கையில் ரொக்கம் கிடையாது, வங்கிக் கணக்கிலோ ஜிபேயிலோதான் பணம். புரொப்பல்லர், மோட்டார், நீளமான கேபிள் கம்பி வந்தால் மூன்று நாள் உடைக்காமல் ஒதுக்கிவைக்க வேண்டும்.

இதில் ரொக்கம் வேண்டாம் என்பதுதான் உயிர்நாடி. இங்கிலாந்தில் ரயில்வே கேபிள் திருட்டு தாங்க முடியாமல் போய் 2012 டிசம்பரில் பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பதையே சட்டத்தால் தடுத்தார்கள். நம் ஊரில் அப்படிச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஊர்க்கட்டுப்பாடாகவே தொடங்கலாம். ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்த கடை, பதிவில்லாதவரிடம் வாங்கும் பழைய உலோகத்துக்கு 2024 அக்டோபர் 10 முதல் தானே வரி கட்ட வேண்டும். எப்படியும் கணக்கு எழுதத்தான் வேண்டும், அதில் இன்னொரு வரி எழுதுவது பெரிய பாரம் இல்லை.

மூன்று நாள் வைத்திருந்தால் விலை இறங்கிவிடுமே என்றும் பாய் கேட்டார். சில நாள் இறங்கும், சில நாள் ஏறும். கேஸ் வந்தால் மொத்தமும் போகும் என்றேன். யோசித்துவிட்டு, எல்லாக் கடையும் ஒத்துக்கொண்டால் தானும் சம்மதம் என்றார்.

"தெரியாமல் வாங்கிவிட்டேன்" என்று சொல்கிற கடைக்காரருக்கு நான் சொல்வது இது. மோட்டார் காயில் கம்பி மெல்லியது, ஒற்றை இழை, மேலே வார்னிஷ் பழுப்பு, காயில் வடிவத்திலேயே வளைந்து வரும். போர் கேபிள் கம்பி பல இழை முறுக்கு, நீளமாக இருக்கும். எரித்திருந்தால் கறுத்து, விரலால் தேய்த்தால் கரி ஒட்டும், வளைத்தால் இழை ஒடியும். வீட்டு வயரிங் பழசு என்றால் துண்டு துண்டாக, பல அளவில் வரும். ஒரே அளவில் ஐம்பது மீட்டர் எரித்த கம்பியைச் சின்னப் பையன் ஒருவன் காலை ஆறு மணிக்குக் கொண்டுவந்தால், அது எங்கிருந்து வந்தது என்று தராசு பிடித்துப் பழகிய கண்ணுக்குத் தெரியும். சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவில், திருட்டுப் பொருள் என்று நம்ப முகாந்திரம் இருந்தும் வாங்கினால் மூன்று ஆண்டுவரை சிறை. அதையே வழக்கமாகச் செய்தால் பத்து ஆண்டுவரை, அல்லது ஆயுள் சிறையே கூட.

கடைக்காரர்களையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொள்ளுங்கள். திருட்டு நடந்த காலையிலேயே குத்தெழுத்துப் படத்தையும் கேபிள் அளவையும் போட்டுவிட்டால், அந்தச் சரக்கு எந்தக் கடைக்குப் போனாலும் அடையாளம் தெரியும். ஆள் படத்தைப் போடாதீர்கள், யார் என்று ஊகமும் எழுதாதீர்கள். பொருள் படம் மட்டும்.

போய்விட்டால்

வெட்டுப்பட்ட முனையைத் தொடாமல் முதலில் மெயினை அணைக்கச் சொல்லுங்கள். பிறகு போட்டோ. பிறகு காவல் நிலையம். புகாரில் 'கேபிள் திருடுபோனது' என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். எத்தனை மீட்டர், என்ன அளவு, என்ன நிறம், என்ன குத்தெழுத்து, பில் மதிப்பு எவ்வளவு என்று எழுதுங்கள். இறால் செத்தது, படகு கடலுக்குப் போகாமல் நின்றது எல்லாம் தனிப் பத்தியாக வரட்டும். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் தடவை தண்டிக்கப்படுகிறவன் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அதே பாரதிய நியாய சன்ஹிதா 303ஆம் பிரிவின்படி சமூக சேவைதான் தண்டனை. அதனால் மதிப்பைக் குத்துமதிப்பாகக் குறைத்து எழுதிவிடாதீர்கள், பில்லில் இருப்பதை எழுதுங்கள்.

புகார் வாங்கியதற்குக் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிட வேண்டாம், எஃப்.ஐ.ஆர். நகலைக் கேளுங்கள், புகார் கொடுத்தவருக்கு அது இலவசம். நிலையத்தில் பதிய மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

பொருள் பிடிபட்டால் அது நேராக உங்கள் கைக்கு வராது, நீதிமன்றத்துக்குப் போகும். இடைக்காலமாக ஒப்படைக்கச் சொல்லி மனுப் போட வேண்டும். மனுவோடு எஃப்.ஐ.ஆர். நகல், பில், குத்தெழுத்துப் படம் மூன்றையும் வையுங்கள். படகு புரொப்பல்லராக இருந்தால் ஜூன் 15 அன்று படகு கடலுக்கு இறங்க வேண்டும் என்பதையும், அது இல்லாமல் எத்தனை பேர் வேலை நிற்கும் என்பதையும் மனுவிலேயே எழுதச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள்.